பூட்டிய மதகு

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. என் பெயர் எலியேசர். அஸ்தினாபுரத்தில் வீடு. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆனால் 2005 அக்டோபர் 27, வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கும் ஆறே காலுக்கும் நடுவில் கண்ணால் பார்த்ததை, கையால் தொட்டதை எப்படி இல்லை என்பேன்? இன்று நினைத்தாலும் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வருகிறது.

அப்போது வண்டலூரிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு தனியார் பிக்னிக் தோட்டத்தில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தேன். தோட்டம் திறந்த நாளிலிருந்தே அங்கே வேலை. முதலாளி பெயர் ரவி. ஊர்ப் பொது ஓடையைக் குறுக்கே மறித்து, பதினான்கு அடி உயரத்துக்கு மண்கரை போட்டு, தனக்கென்று ஓர் ஏரியை உண்டாக்கியிருந்தார். அதில் பெடல் போட் விட்டார். கரைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், நாற்பது வீடுகள். தண்ணீரை வெளியேற்ற ஒரே ஒரு மதகு. அதன் ஷட்டரைத் தூக்கும் இரும்புச் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார். சாவி தாம்பரத்தில், அவர் வீட்டில்.

அன்று விடியற்காலையிலிருந்து விடாத மழை. மாலை 4.50க்கு அவருக்கு போன் போட்டேன்.

"சார், இன்னும் ஒரு அடி ஏறினா கரை மேல வழிஞ்சிடும். மதகு சாவிய அனுப்புங்க."

"தீபாவளிக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. தண்ணிய விட்டுட்டு, போட்டை உன் தலையில விடுவியா?"

"கீழ குடும்பங்க இருக்கு சார். குழந்தைங்க இருக்கு."

"அங்க போய் வீடு கட்டச் சொல்லி நானா கேட்டேன்?"

வைத்துவிட்டார்.

5.30. வாசலுக்கு வந்தேன். கரைப் பக்கமிருந்து ஒரு சத்தம். தொப்... தொப்... தொப். மண்ணைக் கட்டையால் இடித்து இறுக்குவது போல. வாட்ச்மேன் ஏசுபாதம் குடையோடு என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"யாருண்ணா கரையில வேல செய்றது?"

"இந்த மழையில எவன் சார் வேல செய்வான்? நம்ம ரெண்டு பேர்தான் கீறோம்."

அவருக்குச் சத்தமே கேட்கவில்லை. பள்ளத்து ஜனங்களைக் கிளப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி அவரைக் கீழே விரட்டினேன். நான் மட்டும் டார்ச்சோடு கரை ஏறினேன்.

5.42. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஏறஏறச் சத்தம் பெரிதானது. சுற்றிலும் பார்த்தேன். ஆள் இல்லை.

தொப்... தொப்...

அப்போதுதான் உறைத்தது. சத்தம் கரை மேலிருந்து வரவில்லை. என் செருப்புக்குக் கீழிருந்து வந்தது.

சட்டென்று நின்றது.

மதகுக்கு அருகில் ஒரு பெண். தலையில் சும்மாடு, இடுப்பில் மண் நிறைந்த இரும்புப் பாண்டு. நாற்பது வயது இருக்கும். கரையில் கசிந்த இடத்தில் மண்ணைக் கொட்டினாள். அந்தக் கொட்டும் மழையில்... மண் புழுதியாகப் பறந்தது. காய்ந்த மண்.

"யாரும்மா நீங்க?"

திரும்பினாள். அப்படி ஒரு கோபத்தை நான் மனித முகத்தில் பார்த்ததே இல்லை.

"இன்னா பாத்துகினு நிக்கிற? பூட்ட ஒடை."

"சாவி முதலாளிகிட்ட..."

"சாவியா கேட்டேன்? ஒடைன்னேன்."

டார்ச்சைக் கீழே இறக்கினேன். அவள் முழங்கால் வரை கரைக்குள் இருந்தாள். நட்டு வைத்தது போல. சுற்றிலும் மண்ணில் ஒரு கீறல்கூட இல்லை.

5.51. என் செல்போன் அடித்தது. ரவி.

"யாருடா இவ? யார என் வூட்டுக்கு அனுப்பின? ஹால் பூரா மண்ணக் கொட்டுறாடா..." அவர் குரல் கிழிந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால்...

தொப்... தொப்...

லைன் அறுந்தது. நிமிர்ந்தேன். அவள் இல்லை.

ஓடவேண்டும் போலிருந்தது. கால் திரும்பியும் விட்டது. ஆனால் "நானா கேட்டேன்" என்ற அந்த ஒரு வார்த்தை மண்டைக்குள் எரிந்தது. பம்ப் ரூமிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தேன். ஒன்று... இரண்டு... ஏழாவது அடியில் பூட்டு தெறித்தது.

சக்கரம் நகரவில்லை. துரு.

தம் பிடித்துத் தள்ளினேன். நகரவில்லை. அழுதேன். கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

சக்கரத்தின் அந்தப் பக்கம் இரண்டு கைகள் வந்தன.

கை மட்டும்.

கண்ணாடி வளையல். நகமெல்லாம் மண்.

என் விரல் மேல் ஒரு விரல் பட்டது. வறண்டு... சொரசொரவென்று...

கண்ணை மூடிக்கொண்டேன்.

கிரீச்...

சக்கரம் சுற்றியது.

6.14. தண்ணீர் மதகு வழியாகப் பாய்ந்தது. ஓடை நிரம்பி ஓடியது. கரை நின்றது. நாற்பது வீட்டில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. மறுநாள் காலை போனில் என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். அதற்குப் பிறகு ரவி அந்த ஏரிப் பக்கமே வரவில்லை என்று ஏசுபாதம் சொன்னார்.

பிப்ரவரியில் ஓடை ஆக்கிரமிப்பு என்று உத்தரவு வந்து, ஜேசிபி வைத்துக் கரையை வெட்டினார்கள். நானும் பார்க்கப் போனேன். மதகிலிருந்து பத்தடியில் வண்டி நின்றது. டிரைவர் கீழே குதித்து ஓடினார்.

உள்ளே எலும்புக்கூடு. போலீஸ் விசாரணையில் பெயர் தெரிந்தது: கங்கையம்மாள். 2001இல் கரை போட வந்த மண் வேலைக்காரி. ஆகஸ்ட் 10, வெள்ளிக்கிழமை மண் சரிந்ததில் உள்ளே போயிருக்கிறாள். தோண்டி எடுத்தால் போலீஸ் வரும், திறப்பு விழா நின்றுபோகும். அதனால் மேலேயே மண்ணைப் போட்டு இடித்து மூடியிருக்கிறார்கள். "எவனோடயோ ஓடிட்டா" என்று புருஷன் சின்னதம்பியிடம் சொல்லியிருக்கிறார்கள். நாலு வருஷம் அந்த மனுஷன் அதை நம்பியிருக்கிறான். கேஸ் நடந்தது. ரவி இன்னும் தாம்பரத்தில்தான் இருக்கிறார். காரில் போகிறார், வருகிறார்.

அவள் தலைக்கு மேலே ஒரு முழ நீளத்துக்குப் பொந்து இருந்தது. கையால் பறித்த பொந்து. அதை அளந்த போலீஸ்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உடனே சாகல சார். ரெண்டு நாளாவது உசுரோட இருந்திருக்கும்."

திறப்பு விழா ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை. மதகுக்குப் பக்கத்தில், கரை மேலேயே பந்தல் போட்டு விருந்து வைத்தார்கள். மைக் செட், பாட்டு, இருநூறு பேர்.

அந்தப் பந்தலில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன்.