கலர் டிரஸ் போட்ட ஒருத்தி

எனக்குக் கோபம் வந்தா தெருவுக்கே கேக்கும். அன்னிக்கு விடியக்காலையில, பாகலூர்ல எங்க தெரு முனையில, அந்த ஃப்ளெக்ஸ் சுருளைப் பிரிச்சதும் அப்படித்தான் கேட்டுச்சு.

நான் குட்டியானை ஓட்டுறவ, அதான் அந்தச் சின்ன லோடு வண்டி. தக்காளி, ரோஜாப்பூ எல்லாம் ஓசூர் மார்க்கெட்டுக்கு ஏத்திட்டுப் போறதுதான் பொழப்பு. அன்னிக்கு லோடு எடுக்கல. பக்கத்து வீட்டுத் தம்பியும் அவன் கம்பெனியில கூட வேலை செய்யுற ஷிஃப்ட்டு ஆளுங்களும் மலை மேல நாட்றாம்பாளையம் பள்ளிக்கூடம் வரைக்கும் சைக்கிள்ல போறாங்க. தண்ணி கேன், பஞ்சர் சாமான் எல்லாம் ஏத்திக்கிட்டு நான் பின்னாடியே போகணும். வண்டி ரெண்டு பக்கமும் கட்டத்தான் அந்த ஃப்ளெக்ஸ்.

போன வருஷம் மழைக்காலத்துல தம்பியோட ஒரே பொண்ணு காய்ச்சல்னு படுத்தா. எழுந்திரிக்கவே இல்ல. ஒன்பது வயசு. "பத்து வயசு ஆகட்டும், சைக்கிள் வாங்கித் தர்றேன்"னு அப்பன்காரன் சொல்லி வச்சிருந்தான். அந்தப் பத்தாவது பிறந்தநாள் நெருங்க நெருங்க அவனால வீட்டுல உட்காரவே முடியல. மலையில காட்டோரமா நடந்தே பள்ளிக்கூடம் வர்ற பிள்ளைங்களுக்கு சைக்கிள் வாங்கிக் குடுக்கலாம்னு ஆரம்பிச்சான். "லாரியில ஏத்தி அனுப்ப மாட்டேன் அக்கா. நானே ஓட்டிட்டுப் போய்க் குடுக்கணும்"னான். கேட்ட ஷிஃப்ட்டு ஆளுங்க ஆளுக்கொரு சைக்கிள் வாங்கிட்டு வந்து நின்னாங்க. குடுக்கப்போற சைக்கிளையே ஓட்டிட்டுப் போறது, அங்க இறங்கி சாவியைக் குடுக்கறது, பஸ் ஏறி வர்றது, இதுதான் ஏற்பாடு. எல்லாம் முன்னாடி கூடை வச்ச பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சைக்கிள். மதுரைக்காரன், ஒடிசாக்காரன், உள்ளூர் கன்னடக்காரன்னு ஒவ்வொருத்தனும் முழங்கால் ஹேண்டில்பார்ல இடிக்க உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, அந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

ஃப்ளெக்ஸைப் பிரிச்சதும் அந்தச் சிரிப்பு போச்சு.

தம்பி வாட்ஸ்அப்புல ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பினது பொண்ணு போட்டோ, பேர், அப்புறம் "பத்தாவது பிறந்தநாள் நினைவாக சைக்கிள் பயணம்"னு ஒரு வரி. அந்தக் கடைக்காரன் 'பிறந்தநாள்'ங்கிறது வரைக்கும்தான் படிச்சிருக்கான். குழந்தை போட்டோவைப் பார்த்ததும் எப்பவும் போடுற டிசைனை எடுத்துப் போட்டுட்டான். பலூன், கேக்கு, ரிப்பன். நடுவுல சிரிச்சுக்கிட்டு எங்க பொண்ணு. பக்கத்துல அவ பேரு, இவ்ளோ பெருசா பத்து. கீழ, 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் செல்லக்குட்டி!'

"கண்ணு பொட்டையா அவனுக்கு? கடையைத் திறக்கட்டும், சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து இங்க நிறுத்துறேனா இல்லையா பாரு"ன்னு நான் கத்தினேன்.  தம்பி கிழிக்கறதுக்கு ஓரத்துல கையை வச்சுட்டான்.

அப்பத்தான் பொண்ணோட அம்மா வெளிய வந்தா.

அவளைப் பத்திச் சொல்லணும். பொண்ணு போனதுல இருந்து அவ யார்கிட்டயும் "என் பொண்ணு இல்ல"ன்னு வாய் திறந்து சொன்னதே கிடையாது. எங்க ஊர்ல ரெண்டு பொம்பளைங்க பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தா முதல் கேள்வியே "எத்தனை பசங்க?"தான். அந்தக் கேள்விக்குப் பயந்தே கம்பெனி வேலையை விட்டா. கல்யாணம் காதுகுத்துக்குப் போறதில்ல. கடைக்குக்கூடப் போறதில்ல. பாதி நாள் சுவத்தைப் பார்த்துப் படுத்திருப்பா. நான்தான் போய் "எந்திரி புள்ள, ரெண்டு வாய் சாப்பிடு"ன்னு அதட்டுவேன். அப்படிப்பட்டவ, "நானும் சைக்கிள்ல வர்றேன்"னு சொன்னதும் தம்பி ஆடிப்போயிட்டான். ஊத்தங்கரையில பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் குடுத்த சைக்கிள ஓட்டினவதான், அப்புறம் தொட்டதில்ல. தம்பி என்னைத் தனியா கூப்பிட்டு, "வழியில ஜனங்க ஏதாவது கேப்பாங்க அக்கா. அவ தாங்க மாட்டா. எந்த இடத்துல உட்கார்ந்தாலும் வண்டியில ஏத்தி வீட்டுக்குக் கொண்டாந்துடுங்க. இந்தத் தடவை கதவைச் சாத்தினா அப்புறம் திறக்க மாட்டா"ன்னான். அப்ப அவன் கண்ணைப் பார்க்க என்னால முடியல.

வெளிய வந்தவ ஃப்ளெக்ஸைப் பார்த்தா. பார்த்துக்கிட்டே நின்னா. 

"இருக்கட்டும், கட்டுங்க"ன்னா. "வீட்டுல இருக்கிற போட்டோவுல மாலை போட்டு, கண்ணீர் அஞ்சலின்னு எழுதியிருக்கு. இதுல சிரிக்கிறா."

 கட்டினோம்.

பொண்ணு பேரை நெஞ்சுல அச்சடிச்ச வெள்ளை டி-ஷர்ட்டு எல்லாருக்கும் வாங்கியிருந்தான் தம்பி. எனக்கும் ஒண்ணு. அவ மட்டும் போடல. "அவ பேரு என் வேர்வையில நனைய வேணாம்"னா. கிளிப்பச்சையில மஞ்சப் பூப்போட்ட ஒரு சுடிதாரைப் போட்டுக்கிட்டு, துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு ஏறினா. தெரு திரும்பறதுக்குள்ள ரெண்டு தடவை தடுமாறினா. அப்புறம் நேரா போக ஆரம்பிச்சுட்டா.

ஓசூர் தாண்டுறவரைக்கும் லாரியும் கம்பெனி பஸ்ஸும் எங்களை ஓரங்கட்டிக்கிட்டே போச்சு. தேன்கனிக்கோட்டை ரோட்டுக்கு வந்ததும் கேழ்வரகு அறுப்பு. ரோடு நெடுக கதிரைப் பரப்பி வச்சிருந்தாங்க, போற வண்டியெல்லாம் ஏறி மிதிச்சா மணி உதிரும்னு. சைக்கிளுங்க அதுல சறுக்க, எல்லாரும் இறங்கி உருட்டினாங்க. கதிரைத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்த அம்மா ஒருத்தங்க ஃப்ளெக்ஸைப் பார்த்துட்டாங்க. முகமெல்லாம் சிரிப்பு. "ஹுட்டுஹப்பானா? மகு எல்லம்மா?"ன்னு கன்னடத்துல, பிறந்தநாளா, குழந்தை எங்கன்னு கேட்டாங்க. அதையும் நேரா அவகிட்டயே.

அவ கால் அப்படியே நின்னுச்சு.  நான் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடினேன். "பாப்பா முன்னாடி போயிருக்கும்மா"ன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அந்தம்மா பாவம், "தேவ்ரு சென்னாகி இட்டிரலி", சாமி நல்லா வச்சிருக்கட்டும்னு ஃப்ளெக்ஸுக்கே கையால திருஷ்டி கழிச்சாங்க.

"ஏறிக்கிறியா?"ன்னு கேட்டேன், வண்டிக் கதவைத் திறந்து. அவ வேணாம்னு தலையை ஆட்டிட்டு சைக்கிள்ல ஏறிட்டா. அன்னிக்கு முழுக்க இதே கதைதான். டீக்கடையில, செக்போஸ்ட்டுல, நின்ன இடமெல்லாம் "பிறந்தநாள் யாருக்கு? பாப்பா எங்க?" ஒவ்வொரு தடவையும் நான் குறுக்க பூந்து ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். அவ வாயே திறக்கல. ஃப்ளெக்ஸைக் கழட்டச் சொல்லவும் இல்ல. காட்டுக்குள்ள யானை சாணி ஆவி பறக்கக் கிடந்துச்சு, ஃபாரஸ்ட்டு வாட்சர் ஒருத்தர் "ஒண்ணா போங்க, பெல் அடிக்காதீங்க"ன்னு சொல்லி அனுப்பினார். ஆம்பளைங்க எல்லாம் என் வண்டியை ஒட்டிக்கிட்டே வந்தாங்க. அவ ஒருத்திதான் எதையும் பார்க்காம முன்னாடி போனா. அன்னிக்கு அஞ்செட்டியில ஒரு கல்யாண மண்டபத்துல தங்கினோம்.

மறுநாள்தான் பிறந்தநாள். காலையில களி உருண்டையை அவளே கேட்டு வாங்கி இன்னொண்ணும் போடச் சொன்னா. அவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டு ஒரு வருஷம் இருக்கும். தம்பி அதைப் பார்த்துட்டு வெளிய போய் முகத்தைக் கழுவிட்டு வந்தான்.

அஞ்செட்டி தாண்டினதும் ஏத்தம். கியர் இல்லாத சைக்கிள், அதுவும் சின்ன சைக்கிள். கொஞ்ச தூரத்துலயே ஆம்பளைங்க ஒவ்வொருத்தனா இறங்கிட்டான். மதுரைக்காரன் "என்னைப் பெத்த ஆத்தா"ன்னு கத்திக்கிட்டே தள்ளினான். தம்பியும் இறங்கிட்டான். அவ இறங்கல. சீட்டுல இருந்து எழுந்து நின்னு மிதிச்சா. ஒரு மிதி, ஒரு மூச்சு. நான் முதல் கியர்ல பின்னாடியே ஊர்ந்து போனேன். முதுகு முழுக்க நனைஞ்சு சுடிதார் ஒட்டிக்கிச்சு. தம்பி ஓடி வந்து, "இறங்கி நடம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ன்னான். அவ பதில் சொல்லல. அதுக்கும் மூச்சு வேணுமே.

வளைவு வந்துச்சு, போச்சு. இன்னொரு வளைவு. சுவத்தைப் பார்த்துப் படுத்தே கிடந்த உடம்பு அது. நான் தூக்கி உட்கார வச்சு சாப்பாடு ஊட்டின உடம்பு. எங்கிருந்து வந்துச்சு இந்த பலம்?  "யாரு பெத்த மகடி நீ!"ன்னு ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுத் தனியா கத்தினேன். எத்தனையோ கோயிலுக்குப் போயிருக்கேன், தேர் பார்த்திருக்கேன். அன்னிக்கு அவ முதுகைப் பார்த்துக் கும்பிட்ட மாதிரி எதையும் கும்பிட்டதில்ல.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை, ஆனா வேலை நாள். பிள்ளைங்க யூனிஃபார்ம்ல வரிசையா நின்னாங்க. கண்ணு சைக்கிள் மேல போகும்னு நினைச்சேன். போகல. என் வண்டி மேல போச்சு. ஒருத்தி ஃப்ளெக்ஸை எழுத்துக்கூட்டிச் சத்தமா படிச்சா. உடனே குசுகுசுன்னு பேச்சு. யாரையோ தேடுறாங்க.

பள்ளிக்கூடத்துல பிறந்தநாள்னா எப்படின்னு எல்லாருக்கும் தெரியும். மத்தவங்க யூனிஃபார்ம்ல இருப்பாங்க, பிறந்தநாள் பிள்ளை மட்டும் கலர் டிரஸ்ல வரும். அதுங்க எங்களைப் பார்த்துச்சுங்க. நாங்க எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை டி-ஷர்ட்டு. ஒருத்தி மட்டும் கிளிப்பச்சை.

"அதோ, அவங்கதான்!"னு ரெட்டை ஜடை போட்ட குட்டி ஒண்ணு கையை நீட்டுச்சு. "போட்டோவுல இருக்கிற அதே டிரஸ்ஸு!"

நான் திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். ஐயோ. அதே துணி. பொண்ணு போட்டிருந்த கவுன் கிளிப்பச்சை, மஞ்சப் பூ. தீபாவளிக்கு அம்மாவுக்கும் பொண்ணுக்கும் ஒரே துணியில தைச்சது. ரெண்டு நாளா என் வண்டியில கட்டித் தொங்குது, ரெண்டு நாளா அவ பின்னாடியே ஓட்டுறேன், எனக்குத் தெரியல.

பிள்ளைங்க ஓடிப் போய் அவளைச் சுத்தி நின்னு கையைப் பிடிச்சுக் குலுக்கி, வாழ்த்துப் பாட்டைப் பாட ஆரம்பிச்சுட்டாங்க. பேர் வர்ற இடத்துல ஃப்ளெக்ஸ்ல படிச்ச பேரை வச்சு. ஒரு வருஷமா எங்க தெருவுல யாரும் வாய்விட்டுச் சொல்லாத பேரு அது. மலை முழுக்கக் கேட்டுச்சு.

டீச்சருக்கு விஷயம் தெரியும். பதறிக்கிட்டு ஓடி வந்தாங்க. நானும் வண்டியில இருந்து குதிச்சு, நிறுத்துங்கன்னு கத்த வாயைத் திறந்துட்டேன். அவ எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினா, வேணாம்னு. பாட்டு முடியற வரைக்கும் நின்னு கேட்டா. முடிஞ்சதும் ரெட்டை ஜடை முன்னாடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தா.

"பிறந்தநாள் எனக்கில்ல கண்ணு. என் பொண்ணுக்கு."

"அவங்க எங்க?"

அந்தக் கேள்வி. குறுக்க பூந்து சொல்ல எனக்கு ஒரு பொய்யும் வரல. தம்பி சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

"செத்துப் போயிட்டா"ன்னா அவ. "காய்ச்சல் வந்து செத்துப் போயிட்டா. இருந்திருந்தா இன்னிக்குப் பத்து வயசு."

அவ்வளவுதான். அழல. குரல் உடையல. ஒடிசாக்காரன் தலையில கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். அந்தக் குட்டி அவ முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. யோசிச்சுச்சு.

"அப்ப சாக்லேட்டு நீங்கதான் குடுக்கணும்"னுச்சு.

என் வண்டியில ரெண்டு டப்பா இருந்துச்சு, பிள்ளைங்களுக்குன்னு தம்பி வாங்கினது. ஓடிப் போய் எடுத்துட்டு வந்து அவ கையில குடுத்தேன். அவ முதல் வகுப்பைப் பார்த்து ஒரு அடி எடுத்து வச்சா. அந்தக் குட்டி விடல. "தனியா போகக் கூடாது. ஒரு ஃப்ரெண்டு கூட வரணும்"னு சொல்லி, டப்பாவோட இன்னொரு பக்கத்தைப் பிடிச்சுக்கிச்சு. ரெண்டு பேரும் ஒவ்வொரு வகுப்பா போனாங்க, அப்புறம் டீச்சருங்க ரூமுக்கு. போன இடமெல்லாம் அந்தக் குட்டியே முன்கூட்டிச் சொல்லிடுச்சு: "இவங்க பொண்ணுக்கு இன்னிக்குப் பிறந்தநாள். அவங்க இல்ல, அதனால இவங்க வந்திருக்காங்க." அவ ஒவ்வொருத்தருக்கும் எடுத்துக் குடுத்தா. நான் வராண்டா தூணைப் பிடிச்சுக்கிட்டு வாய்விட்டு அழுதேன். எனக்கு வெக்கமா இல்ல.

அப்புறம் சைக்கிள் குடுத்தோம். அவ ஏறி வந்த சைக்கிள் வேற ஒரு பொண்ணுக்குப் போச்சு. சாவியைக் குடுத்துட்டு, சீட்டை ஒரு தடவை துடைச்சு விட்டா.

ஆம்பளைங்களோட தம்பியும் பஸ்ல போனான். அவ என் பக்கத்துல ஏறி உட்கார்ந்தா. ஃப்ளெக்ஸைக் கழட்டி மடிச்சு மடியில வச்சிருந்தா. இறக்கம் முடிஞ்சதும் என் பக்கம் திரும்பினா.

"அக்கா, அந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரரைத் திட்டாதீங்க."

"சரி, திட்டல"ன்னேன். பாகலூர்ல இருந்தே சேர்த்து வச்சிருந்த வசவெல்லாம் தொண்டையிலயே கரைஞ்சு போச்சு.

"அடுத்த வருஷமும் அவர்கிட்டயே குடுப்போம்"னா. மடியில இருந்த அந்தப் பெரிய பத்து மேல கையை வச்சுக்கிட்டு, ரோட்டைப் பார்த்துச் சொன்னா. "பதினொண்ணுன்னு போடச் சொல்லுங்க."