தாய்மாமன் வீட்டு ஜீன்

முன்பின் தெரியாதவர்களிடம் சிரித்த முகத்தோடு, "உங்கள் வீட்டில் யார் யார் எதனால் செத்தார்கள்?" என்று கேட்பதுதான் என் தொழில். திருப்பதியில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. ஒரு ஜீன் மேல் எங்களுக்குச் சந்தேகம். அதில் கோளாறு உள்ள குடும்பங்களில் மார்புப் புற்று அதிகமா என்று பார்க்க, நோயாளியின் சொந்தபந்தங்களிடமும் ரத்தம் வாங்க வேண்டும். கேள்வி கேட்டே பிழைக்கும் சக பாவிகளே, சென்சஸ் எடுக்கப் போகிறவருக்குக்கூட ஒரு வாய் தண்ணீர் கிடைக்கும். என்னைக் கண்டால் கதவைத்தான் சாத்துவார்கள்.

பெயர் வைத்த லட்சணம்

நகரி பக்கத்துக் கோமதியக்காவுக்கு மார்புப் புற்றுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. முடி கொட்டிய தலையில் பூப்போட்ட துணி. வாய் மட்டும் துளியும் குறையவில்லை. அவருடைய அம்மாவும் இதே நோயில் போனவர். கோமதியக்காவின் ரத்தத்தில் நாங்கள் தேடிய கோளாறு இருந்தது.

நான் பாடம் எடுத்தேன். செல்லுக்குள் அறுந்துபோவதை ஒட்டிவைப்பதுதான் இந்த ஜீனின் வேலை. அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தால் வேலை ஒழுங்காக நடக்காது, சேதம் சேர்ந்துகொண்டே போகும், அதனால் புற்று வரலாமோ என்று சந்தேகம். ஆகவேதான் இதைக் கேன்சர் ஜீன் என்கிறோம் என்றேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"ரிப்பேர் பண்றவனுக்குப் போயி கேன்சர் ஜீன்னு பேரு வெச்சிகினு கீறீங்களே, நல்லா கீதும்மா உங்க நாயம்!"

ராங் நம்பர்

அக்காவின் தங்கை வசந்தா, சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்பவர். போன் போட்டு, ரத்தம் கொடுக்க வர முடியுமா என்றேன். "ராங் நம்பர் அண்டி" என்றார் தெலுங்கில். நானும் தெலுங்கிலேயே தொடர்ந்தேன். உடனே, "எனக்குத் தெலுங்கு வராதும்மா" என்று தமிழுக்குத் தாவினார். நானும் தாவினேன். மாட்டிக்கொண்டார்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் இருக்கலாம் என்று சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் எல்லாம் நின்றுபோகும் என்றார். அவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ரெண்டு பாஷையிலயும் சொல்றேன், எனக்கு வர இஷ்டம் இல்லம்மா."

வட்டமும் சதுரமும்

குடும்பப் படம் வரைவதில் பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் சதுரம், கல்யாணம் என்றால் நடுவில் கோடு. கோமதியக்கா சொல்லச் சொல்ல வரைந்தேன். வசந்தாவின் மகளிடமிருந்து மாப்பிள்ளைக்குக் கோடு இழுத்து, மாப்பிள்ளையின் அப்பா பெயரைக் கேட்டேன். முனிரத்தினம் என்றார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு சதுரம் இருந்தது, கோமதியக்காவின் பக்கத்திலேயே, அண்ணன் என்று. கோடு ஊரைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. சம்பந்திக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதாக வசந்தாவிடம் சொல்லியிருக்கிறேனே என்று விழித்தேன்.

"சம்பந்தியே எங்க அண்ணந்தாம்மா, அவரைப் பெத்ததும் அதே அம்மாதான், யாருகிட்டருந்து இன்னாத்த மறைக்கப் போற?"

முழுக்கைச் சட்டை

கோமதியக்கா சும்மா இருப்பவரா? அண்ணனிடம் போட்டு உடைத்துவிட்டார். புத்தூர் பக்கம் கரும்பு போடும் முனிரத்தினம், வசந்தாவைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்து நின்றார். வசந்தா தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இது பொம்பளைங்க சீக்குதானே?" என்று கேட்டார் முனிரத்தினம். நோய் பெரும்பாலும் பெண்களுக்குத்தான். ஜீன் ஆண் பெண் பார்க்காது, உங்களிடமும் இருக்கலாம், உங்கள் மகனுக்கும் போயிருக்கலாம் என்றேன். இந்த இடத்தில் செருப்பைத் தேடும் ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றினார்.

"அப்போ முதல்ல எனக்கு எடு, அதப் பாத்து அவ பயப்படாம குந்துவா."

ரிசல்ட்

ரிசல்ட்டைத் தனித்தனியாகத்தான் சொல்வோம். மூவரும் சேர்ந்துதான் கேட்போம் என்று ஒரே பிடிவாதம். வசந்தாவிடம் கோளாறு இல்லை. ஆகவே அவர் வழியாக மகளுக்கு வரவும் வழியில்லை. முனிரத்தினத்திடம் இருந்தது. மகனிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை என்று என் பாடத்தை ஒப்பித்தேன். யாரும் கேட்கவில்லை.

அதுவரை அண்ணனுக்குப் பயந்தவர் தங்கை. இப்போது அண்ணனால் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பொண்ணப் பெத்தவ நீ. வேணாம்னா சொல்லிடு வசந்தா, மனசுல வெச்சிக்க மாட்டேன்" என்றார். வசந்தா எழுந்து போய், ரத்தம் கொடுத்த நாளைப் போலவே அன்றும் திறந்துகிடந்த அண்ணனின் சட்டைக் கைப்பொத்தானைப் போட்டுவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"என்கிட்ட இருந்திருந்தா என் பொண்ண வேணாம்னு சொல்லியிருப்பியாண்ணே? போயி பத்திரிகை அடிக்கிற வழியப் பாரு."

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டதற்கு, இரண்டு வீட்டையும் ஒரே படத்தில் வரைந்து வைத்திருக்கிற எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை.