கைக்கு முன்னால் வந்த பதில்

ஆந்திராவில், விஜயநகரத்து இருதய ஆஸ்பத்திரி ஒன்றில், ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேபில் சுவர்ச்சலா பன்னிரண்டு ஆண்டுகளாக நர்ஸ். டாக்டர் பானோஜிக்குக் காத்திருக்கத் தெரியாது. மருந்தின் பெயரைச் சொல்லி முடிக்குமுன் "கொடுத்தாச்சு சார்" என்று கேட்க வேண்டும். ஊசியை எடுக்கும்போதே அதைச் சொல்லிவிட அவள் பழகியிருந்தாள். மற்றவர்கள் அதைத் திறமை என்றார்கள். அவளும் நம்பினாள்.

அன்று மேசையில் லோடு ஆட்டோ ஓட்டும் அப்பலசாமி. ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் போடச் சொன்னார் டாக்டர்.

"கொடுத்தாச்சு சார்."

"அம்மா, கையைக் கட்டிப் போட்டுட்டீங்க. மூக்கு அரிக்குதே!" என்றார் அப்பலசாமி.

"ஹாரன் அடிக்காதீங்க, வர்றேன்." ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு மூக்கைச் சொறிந்துவிட்டாள். அதற்குள் டாக்டர் அடைப்பை விரிக்கும் பலூனைக் கேட்டார். கை அதற்குப் போனது.

குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் விரிந்து சற்று நேரத்தில், திரையில் ரத்த ஓட்டம் குழாயின் பாதியோடு நின்றது. அப்பலசாமி நெஞ்சு வலியில் முனகினார். நல்லவேளை, குழாய்க்குள் விட்ட கம்பியை இன்னும் வெளியே இழுக்கவில்லை.

"ஸ்டென்ட் ஓரத்துல குழாய் கிழிஞ்சிருக்கு. இன்னொரு ஸ்டென்ட் பிரி," என்றார் டாக்டர்.

தட்டில் ஊசி நிறைந்தே கிடந்தது. பேசாமல் இப்போது மருந்தை ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் டாக்டர் இல்லாத கிழிசலுக்கு வைத்தியம் பார்ப்பார். நான்கு நொடி யோசித்தாள்.

"சார், ரத்தம் உறைஞ்சிருக்கும். நான் ஹெபாரின் கொடுக்கல."

"கொடுத்தாச்சுன்னியே!"

"சொன்னேன் சார். கொடுக்கல."

"இப்பவாவது தள்ளு!"

மருந்து ஏறியது. கட்டியை உறிஞ்சியெடுத்து, பலூனை விரித்து, ரத்தம் மறுபடி ஓடப் பதினோரு நிமிடம் ஆனது. இருதயத்தின் ஒரு பக்கம் பலவீனப்பட்டிருந்தது.

"நீ சொன்னதாலதான் பொழைச்சான். போய்ச் சாப்பிடு," என்றார் டாக்டர். அவளால் முடியவில்லை. சொன்னது ஒரு வாக்கியம். அதற்கு முன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கணக்குப் போட்ட மனமும் அவளுடையதுதானே.

மறுநாள் வார்டில் அப்பலசாமியின் மனைவி பைடிதல்லியிடம் மருந்தை மறந்ததைச் சொன்னாள்.

"இனிமே மூட்டை தூக்க மாட்டாரா?"

"கூடாது அக்கா. என்னாலதான்."

பைடிதல்லி கணவரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்: "தெரிஞ்ச உடனே டாக்டர்கிட்ட சொன்னியா?"

ஆம் என்றால் பைடிதல்லி நம்பிவிடுவாள்.

"உடனே சொல்லல அக்கா," என்றாள் சுவர்ச்சலா.