நான்காவது பொட்டலம்

என்னால் ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. கல்யாண மண்டபத்தில் பந்தி போடுவதற்குள் நாலு முறை வெளியே போய், வண்டி நிறுத்திய இடத்தில்தான் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். வீட்டில் சாப்பாடு நின்றுகொண்டேதான். "கால்ல சக்கரத்த கட்டிகினு பொறந்த மனுசன்" என்பாள் மனைவி. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தது வெல்டிங் வேலை, அதுவும் கை ஒரு நூல் ஆடினாலும் கெட்டுப்போகிற டிக் வெல்டிங். ஹெல்மெட்டை இறக்கினால் கை நின்றுவிடும். மனசுதான் நிற்காது, அது அடுத்த வேலைக்குப் போயிருக்கும். இதை நான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கம் என் ஷெட். மருந்து கம்பெனிகளுக்கும் பால் கம்பெனிகளுக்கும் எவர்சில்வர் குழாய் வேலை செய்துகொண்டிருந்தேன். சில வருஷங்களாக வேறு ஒரு கூட்டமும் வர ஆரம்பித்தது. வண்டிப் பைத்தியங்கள். இருக்கிற வேகம் போதாமல் காரில் டர்போ மாட்டுகிறவர்கள். என்ஜினிலிருந்து வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியில் என்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கும். ஆனால் சுற்றுகிற வேகத்தில் ஒரு கடுகு போய் விழுந்தாலும் அதன் இதழ் உடையும். புகையை அதனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற குழாய்க்கு மேனிஃபோல்டு என்று பெயர். நாலு கால்கள் வளைந்து வளைந்து வந்து ஒரே வாயில் சேரும். கடையில் வாங்கியது இந்த மாதிரி மாற்றிய வண்டிகளில் பொருந்தாது. துண்டு துண்டாக வெட்டி, வளைத்து, அந்த வண்டிக்கென்றே செய்ய வேண்டும்.

வெட்டிப் பொருத்துவது மச்சான், பற்றவைப்பது நான். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், என்னைவிட நாலு வயது மூத்தவர். லேத் கம்பெனியில் இருபது வருஷம் இருந்துவிட்டு, அது ஊரைவிட்டுப் போனபோது என்னோடு வந்து சேர்ந்தார். அவர் கை சுத்தம். பேச்சுதான் நிதானம். "மாப்ள, நான் இன்னா சொல்ல வரேன்னா" என்று தொடங்கி, கழுத்தைச் சொறிந்து, கூரையைப் பார்த்து, விஷயத்துக்கு வருவதற்குள் டீ ஆறிவிடும். முக்கால்வாசி நேரம் நான் காத்திருந்ததில்லை.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எவர்சில்வர் உருகும்போது குழாயின் உட்புறத்தில் காற்று படக்கூடாது, பட்டால் உள்ளே கருகிப்போகும். அதனால் மேனிஃபோல்டின் பொது வாயில் குழலைச் சொருகி உள்ளே ஆர்கான் வாயுவை நிரப்புவோம். அது ஓடிவிடாமல் இருக்க நாலு கால்களின் வாயையும் பனியன் துணியைச் சுருட்டி அடைப்போம். வளைவுக்குள் போய்விட்ட துணியை எப்படி வெளியே எடுப்பது? அதற்காக ஒவ்வொரு சுருட்டலுக்கும் நடுவில் ஒரு இரும்பு நட்டை வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டிவிடுவோம். வேலை முடிந்ததும் காந்தத்தை விட்டால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எங்கள் ஷெட்டில் அதற்குப் பெயர் பொட்டலம். நாலு பொட்டலம் உள்ளே போனால் நாலும் வெளியே வர வேண்டும்.

அந்த மேனிஃபோல்டு மாங்காட்டில் இருக்கிற பல் டாக்டர் ஒருவருக்கு. பெண்மணி. யாரோ ஓட்டி அலுத்துப்போட்ட இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, கிளினிக் முடிந்த நேரங்களில் தானே போல்ட்டு போல்ட்டாகக் கழற்றிச் சுத்தம் செய்தவர். டர்போ வெளிநாட்டிலிருந்து வந்து சேரவே மாதங்கள் ஆயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் ரேஸ் டிராக்கில் தன் வண்டியை முதல்முறையாக ஓட்ட இடம் பிடித்திருந்தார். "அண்ணா, அன்னிக்கு மட்டும் கிளினிக்குக்கு லீவு போட்டிருக்கேன். பத்து வருஷத்துல மொத லீவு" என்று சொல்லியிருந்தார்.

அந்த வாரம் வெயில் தகரக் கூரையைப் பிடித்து உலுக்கியது. வியாழக்கிழமை, கடைசியாக மீதியிருந்த மூன்றாவது காலைப் பற்றவைக்க உட்கார்ந்தபோது ஹெல்மெட்டின் பட்டை பின்மண்டையில் அறுத்தது. கைக்கு அகப்பட்ட துணியைப் பட்டைக்கு அடியில் சொருகிக்கொண்டு ஹெல்மெட்டை இறக்கினேன்.

"மாப்ள, நான் இன்னா சொல்ல வரேன்னா" என்றார் மச்சான்.

"அப்புறம் சொல்லு மச்சான், கேஸ் ஓடிகினு கீது" என்று, வெல்டிங் பொறியை மூட்டும் கால் பெடலை மிதித்துவிட்டேன். அவர் மின்விசிறியை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார்.

சனிக்கிழமை காலை மேனிஃபோல்டையும் டர்போவையும் மச்சானே காரில் மாட்டினார். மதியம் ரெக்கவரி வண்டி வந்து காரைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி தாண்டி ஒரு ட்யூனரின் ஷெட்டுக்குப் போனது. கம்ப்யூட்டரை இணைத்து என்ஜினுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் அவன். நாலு மணிக்கு முதல் ஸ்டார்ட்.

மூன்று மணி இருக்கும். கை சும்மா இருக்க முடியாமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தட்டில் பொட்டலங்கள் கிடந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. தட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் பார்த்தேன். குப்பை டிரம்மைக் கவிழ்த்தேன். மூன்றுதான்.

துணி எரிந்துவிடும், அது ஒரு விஷயமே இல்லை. நட்டு எரியாது. துணி எரிந்த மறு நொடி அது புகையோடு பறந்துபோய் டர்போ சக்கரத்தில் விழும். ஒரு பத்து நிமிடம் எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன். கம்பியோடு வளைவில் சிக்கி அப்படியே கிடக்கும், ஒன்றும் ஆகாது, யாருக்கும் தெரியாது. பிறகு, பொய் போதாமல் போனபோது, மச்சானைப் பிடித்தேன்.

"நீ தான எட்த்த? எண்ணிப் பாத்தியா? கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

பக்கத்து ஷெட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். வயதில் மூத்தவர், பெண் கொடுத்த வீட்டுக்காரர் என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை.

"மாப்ள, நான் இன்னா சொல்ல வரேன்னா…"

"ஒண்ணும் சொல்லாத. வண்டில ஏறு."

டாக்டருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ட்யூனரின் நம்பர் என்னிடம் இல்லை. இருந்தது, நான்தான் அழித்தேன். அவனும் நானும் ஒரு காலத்தில் ஒரே பிளேட்டில் பரோட்டா பிய்த்தவர்கள். போன வருஷம் ஒரு வாடிக்கையாளர் முன்னால், "இவன் வெல்டு வெளிய தான் மினுக்கும் மாமே, உள்ள எட்டிப் பாத்தா தெரியும்" என்று சொல்லிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. அவன் வாசலில் போய் நின்று, "என் நட்டு உள்ளே இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். அதற்குச் சாகலாம் என்று தோன்றியது. ஆனால் போகாமல் இருந்தால் டாக்டரின் டர்போ போய்விடும்.

பைபாஸில் அப்படி ஒரு நெரிசல். வானகரத்தில் மீன் லாரி ஒன்று ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நின்றது. ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மச்சான் என் தோளைத் தொட்டு, "மாப்ள" என்றார். "வாய மூடிகினு வா மச்சான்" என்றேன். லாரிக்காரன் இறங்கி வந்து என்னைத் திட்டினான், நானும் திட்டினேன், அதில் இரண்டு நிமிடம் போயிற்று. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். எனக்குப் பதறாமல் ஒரு காரியமும் தொடங்கியதே இல்லை.

ட்யூனரின் ஷெட்டுக்குள் நுழையும்போது கார் பானெட்டைத் திறந்துவைத்து நின்றது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்திருந்தான். டாக்டர் கிளினிக்கிலிருந்து நேராக வந்து டிரைவர் சீட்டில் இருந்தார். கை சாவியில் இருந்தது.

"நிறுத்து! சாவிய தொடாத!"

என் வண்டிக்கு ஸ்டாண்டு போடக்கூட இல்லை, அது பாட்டுக்கு விழுந்தது. டாக்டரை ஒருமையில் கூப்பிட்டது அப்புறம்தான் உறைத்தது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். நாலு பொட்டலம், மூன்றுதான் வந்தது, ஒரு நட்டு உள்ளே இருக்கிறது. "இவரு எடுக்கும்போது எண்ணல" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ட்யூனர் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னைத் தாண்டி மச்சானைப் பார்த்தான். "அண்ணாத்தே, நீ சொல்லு. இன்னா நடந்துச்சி?"

மச்சான் கழுத்தைச் சொறிந்தார். கூரையைப் பார்த்தார். அந்த ஷெட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"உள்ள ஒண்ணும் இல்ல. அது மாப்ள ஹெல்மெட்ல கீது. வியாழக்கெழம மண்ட வலிக்குதுன்னு பட்டைக்கு அடில சொருவினாரு. மூணாவது கால் அடிக்கசொல்ல அந்த வாய்ல அடைப்பே இல்ல. அப்பவே சொல்ல வந்தேன். வண்டில மாட்டசொல்லயும் சொல்ல வந்தேன். வர்ற வழியிலயும் சொல்லிகினு தான் வந்தேன். காதுல வாங்குனா தான?"

இரண்டு நாளாகப் பின்மண்டையில் ஏதோ அழுத்துகிறது என்று அந்த ஹெல்மெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது நட்டு.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "ஐயோ அண்ணா, ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு. அப்ப ஸ்டார்ட் பண்ணலாம் இல்ல?"

எனக்கும் ஒரு நொடி அப்பாடா என்று இருந்தது. பிறகு ட்யூனரைப் பார்த்தேன், அவனும் என்னைப் பார்த்தான். அடைப்பில்லாத வாயில் ஆர்கான் நிற்காது. மூன்றாவது காலின் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். போன வருஷம் சொன்னதை அவன் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தான். நானும் சும்மா இருந்திருந்தால் டாக்டர் சாவியைத் திருப்பியிருப்பார்.

"வேணாம் டாக்டர்" என்றேன்.

ட்யூனர் ஒயரில் பொருத்திய சின்னக் கேமராவைக் கொண்டுவந்தான். மேனிஃபோல்டைத் தளர்த்தி ஒவ்வொரு காலாக விட்டுக் காட்டினான். போன் திரையில் முதல் கால் வெள்ளி மாதிரி, இரண்டாவதும் நான்காவதும் வெள்ளி மாதிரி. மூன்றாவதில், அடிப்பிடித்த பால் பாத்திரத்தைப் போல, தையல் நெடுகக் கருகி மணல்மணலாகப் பொரிந்திருந்தது. அந்தப் பொருக்கு சூட்டில் உதிரும். ஒரு மாதம் கழித்து உதிரலாம், நாளைக்கே மூன்றாவது சுற்றிலும் உதிரலாம். உதிர்ந்தால் நட்டு செய்வதைத்தான் அதுவும் செய்யும்.

டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்தார். "சொத்தை. வெளியில வெள்ளையா இருக்கும், உள்ள போயிருக்கும்" என்றார். பிறகு, "நாளைக்கு?"

"நாளைக்கு ஓட முடியாது."

அவர் திரும்பப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி அழுகையை மறைத்திருப்பேன்.

"வியாழக்கிழமை இவரு சொல்ல வந்தத கேட்டிருந்தா, நாளைக்கு நான் ஓட்டியிருப்பேன். இல்லண்ணா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, நோயாளியிடம் கேட்பது போலத்தான் கேட்டார்.

மேனிஃபோல்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ட்யூனர் கேட் வரை வந்து, கீழே விழுந்து வளைந்திருந்த என் வண்டியின் கண்ணாடியை நிமிர்த்திவிட்டான். மச்சான் மேனிஃபோல்டை மடியில் குழந்தை போல வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். வானகரம் வரும்வரை நான் மன்னிப்புக் கேட்பதற்கான வார்த்தையைத் தேடினேன். "தப்பா எடுத்துக்காத மச்சான்" என்று கடைசியில் சொன்னபோது பக்கத்தில் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை மூன்றாவது காலை அறுத்து எடுத்தோம். மச்சான் புதுத் துண்டை வெட்டிப் பொருத்தினார். நான் ஹெல்மெட்டிலிருந்து நான்காவது பொட்டலத்தை உருவி, அதை அவர் கையில் கொடுத்தேன். நாலையும் அவரே வைத்தார். வைத்தவர், டார்ச் அடித்து ஒவ்வொரு வாயாகக் குனிந்து பார்த்தார். கேஸ் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஹெல்மெட்டை இறக்கிவிட்டேன். கால் பெடலுக்கு மேலே தயாராக இருந்தது.

"மாப்ள, நான் இன்னா சொல்ல வரேன்னா" என்றார்.

வழக்கம்போல அதோடு நிறுத்திக்கொண்டு கழுத்தைச் சொறிந்தார். என் கால் துடித்தது. கேஸ் வீணாகப் போகிற சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. காலைப் பெடலிலிருந்து கீழே எடுத்தேன். ஹெல்மெட்டை மேலே தூக்கிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"சொல்லு மச்சான்" என்றேன்.

அவர் நிதானமாகக் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.