மூன்று நாள் தீன்

மருதமுனையில் ஹுஸ்னியாவின் வீட்டு வளவைப் பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். வெறும் கடற்கரை மணல், உப்புக்காற்று வேறு. அதில் பப்பாசியும் முருங்கையும் கத்தரியும்! எல்லாம் கோழிகளின் பாடு. பதினொரு ஊர்க்கோழிகளைப் பாத்தி பாத்தியாக வலைக்குள் மாற்றி விடுவாள். அவை சருகைக் கிளறும், கறையானைக் கொத்தித் தின்னும், எச்சம் போட்டு மணலை மண்ணாக்கும். இப்படி ஒன்பது வருசம். புருசன் மவுத்தான பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்த வளவுதான்.

மகன் அர்ஷாத்துக்கோ அதைக் கண்டாலே ஆகாது. கட்டாரிலிருந்து போன் எடுத்தால் ஒரே பாட்டு: "கொங்கிரீட் போட்டு ரெண்டு கடைய கட்டி உடுவம் உம்மா."

"வந்து ஒருக்கா பாரு மகன், மறுகா கதைப்பம்" என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

இந்த முறை லீவில் வருகிறான். வளவுக் கோழியும் கத்தரியும் ஆக்கிக் கொடுத்தால் மனசு மாறுவான் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. கண்டதையும் கொத்தித் திரியும் கோழியை மூன்று நாள் அடைத்துச் சுத்தத் தீன் போட்டுத்தான் அங்கே அறுப்பார்கள். இரண்டை அடைத்தாள். விருந்துக்கு அது காணாது. முட்டையிடுகிற பேட்டுக்கோழியை அறுக்கவும் மனம் வரவில்லை. சந்தையில் ஒரு சேவல் வாங்கி வந்து அதே கூட்டில் விட்டாள்.

"ராத்தா, வெளிக்கோழிய தனியா உடுங்க" என்றாள் பக்கத்து வீட்டுச் சபூறா.

"மூணு நாள்ல அறுக்கிற கோழிக்கி வேற கூடு என்னத்துக்கு புள்ள?"

ஐயோ, அந்த வாயை யாராவது தைத்திருக்கக் கூடாதா! ஒன்பது வருசமாக அந்நியக் கோழியை வாசல் மிதிக்க விடாதவள் அல்லவா அவள்.

இரண்டாம் நாளே சேவல் நோய் கண்டு கழுத்து திருகி விழுந்தது. கூட்டில் கூட இருந்த இரண்டும் தீன் எடுக்காமல் சுருண்டன. அர்ஷாத் வந்த அன்று கடைப் புறொயிலர்தான் கறி. அவன் லீவு முடிவதற்குள் பதினொரு கோழிகளும் பச்சையாகக் கழிந்து கழிந்தே செத்தன. மாதக்கணக்கில் அந்த மண்ணில் கோழி விடவேண்டாம் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். கிளற ஆளில்லாமல் கறையான் கத்தரித் தண்டில் ஏறியது.

"வந்து பாத்தன்தானே உம்மா. இனி இதில என்ன இரிக்கி?" அர்ஷாத் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஓம் மகன்" என்றாள். மூன்றாம் நாள் தீன் டப்பாவில் அப்படியே கிடந்தது.

அடுத்த கிழமை கடை கட்ட மணல் ஏற்றிக்கொண்டு லொறி வந்தது.

"மாமி, மணல எங்க கொட்டுற?" என்று ட்ரைவர் கேட்டான்.

ஹுஸ்னியா கத்தரிப் பாத்தியைக் கைகாட்டினாள்.