கல்லறை மேட்டு ரேடார்

லுக்யான் ஊதிய விசிலைத் திரும்ப வாங்கியதே இல்லை. போருக்கு முன்பு பொல்தாவா பக்கத்து ஊர்களில் அவன் வார நாட்களில் வெல்டர், ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடுவர். ஒருமுறை தப்பான பெனால்டி கொடுத்துவிட்டான். ஊதிய கையோடு தப்பென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் மாற்றவில்லை. தோற்ற ஊர்க்காரர்கள் அவன் சைக்கிளைத் தூக்கிக் குளத்தில் போட்டார்கள். சொட்டச் சொட்ட அதைத் தள்ளிக்கொண்டு வந்தவன், "குடுத்தது குடுத்ததுதான்" என்று மட்டும் மனைவி சோஃபியாவிடம் சொன்னான். நேர்மை என்று அவன் நினைத்தான். வீம்பு என்று அவள் சொன்னாள். இரண்டுக்கும் நடுவே அப்படியொன்றும் பெரிய தூரமில்லை.

பட்டாளத்தில் எல்லோருக்கும் ஒரு மறுபெயர் உண்டு. அவனுக்கு 'நடுவர்' என்றே வைத்துவிட்டார்கள். வேலையும் பொருத்தமாக வாய்த்தது. அமெரிக்கர்கள் கொடுத்த ரேடார் ஒன்றை அவனிடம் ஒப்படைத்தார்கள். முக்காலி மேல் கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி இருக்கும். எதிரியின் குண்டு மேலே ஏறும்போதே அதைப் பார்த்துவிடும். வந்த வழியைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எந்த இடத்துப் பீரங்கி சுட்டது என்று திரையில் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளியை நம் பீரங்கிக்குச் சொன்னால் மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சிக்கல் ஒன்றுதான். ரேடார் கண்ணைத் திறந்தால், அது எங்கே நிற்கிறது என்று எதிரிக்கும் தெரிந்துவிடும். திற, பார், மூடு, ஓடு. கொஞ்சம் அசந்தால் குண்டு தேடிக்கொண்டு வரும்.

உயரமாக, மரம் மறைக்காத இடமாகப் பார்த்து வைக்கச் சொல்லி அமெரிக்கர்களின் கையேட்டில் எழுதியிருந்தது. கையேடு எழுதினவனுக்கு டொனெட்ஸ்க் பக்கத்து ஊர்களைத் தெரியாது. இங்கே ஒவ்வொரு ஊரும் தன்னிடம் இருக்கிற ஒரே மேட்டை இறந்தவர்களுக்கு எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டது. ஆகவே லுக்யானும் அவனுடைய டிரைவர் ஒரெஸ்த்தும் கல்லறைகளுக்கு நடுவில்தான் அண்டாவை இறக்குவார்கள்.

அப்போது அவர்கள் இருந்த ஊரில் மிஞ்சியிருந்த சில குடும்பங்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் சார்பில் சண்டைக்கு வந்தவள் ராயிசா, ஆரம்பப் பள்ளியில் சமையல்காரியாக இருந்தவள். இருந்த ஒரே பசுவை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று ஊரிலேயே தங்கிவிட்டவள்.

"ஏம்பா, என் வீட்டுக்காரர் தலைமாட்டுலதான் உனக்கு எடம் கெடச்சுதா? இருந்த காலத்துல அவருக்கு ரேடியோ சத்தமே ஆவாது."

"இது சத்தமே போடாதுக்கா."

"இது போடாது. இதத் தேடிக்கிட்டு ஒண்ணு வருதே, அது போடுதே!"

லுக்யானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான். அதன் பிறகு நாள் தவறாமல் பால் கொடுத்தாள். கூடவே திட்டும் கொடுத்தாள்.

ஈஸ்டர் முடிந்து அடுத்து வருவது கல்லறை ஞாயிறு. குடும்பத்தோடு போய்க் கல்லறையில் துணி விரித்து, சாயம் போட்ட முட்டையும் பாஸ்கா ரொட்டியும் வைத்து, இறந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். போர் நடக்கிற இடங்களில் யாரும் போகவேண்டாம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. ராயிசா பால் குவளையோடு வந்து நின்றாள்.

"சொல்றவன் எங்கயோ குளிருக்கு அடக்கமா உக்காந்து சொல்றான். நாங்க போகத்தான் போறோம். அன்னைக்கு ஒரு காலைக்கு மட்டும் ஒன் அண்டாவ எடுத்துட்டுப் போயிடு தம்பி. அது இருந்தா குண்டு வரும். பொம்பளைங்க பயப்படுறாங்க."

"மேட்டுல வைக்க மாட்டேன். போதுமா?"

"வாக்கு மாற மாட்டியே?"

"நானா?" என்றான் லுக்யான். கேள்வியே அவனுக்கு அவமானமாக இருந்தது.

அதிகாரியிடம் இதைச் சொல்லவில்லை. அவன் மனதில் ஒரு கணக்கு இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எதிரிகளும் ஈஸ்டர் கொண்டாடுகிறவர்கள்தான், கல்லறைக்குப் போகிறவர்கள்தான். அன்றைக்குச் சுட மாட்டார்கள் என்று நினைத்தான். இத்தனை நாள் அவர்களிடம் அடி வாங்கியும் இப்படி நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்டாவைப் பள்ளத்தில், தானியக் கிடங்குக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். மேட்டில் வெள்ளைத் துணிகள் விரிவது அங்கிருந்து தெரிந்தது. பார்க்க நிம்மதியாக இருந்தது. அப்போதுதான் ஆற்றோரத்தில் இருந்த நம் ஆட்களின் பதுங்குகுழிகள் மேல் குண்டு விழ ஆரம்பித்தது.

வாக்கிடாக்கியில் இல்கோவின் குரல் வந்தது. ஆற்றோரக் குழியில் இருந்த இல்கோ, லுக்யானைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது பழைய ஆட்டத்தைச் சொல்லி வம்பிழுப்பவன். "யோவ் நடுவரே, எங்கேருந்து அடிக்கிறான்? ஊதுய்யா விசில!"

லுக்யான் ரேடாரைத் திறந்தான். நடுவில் இருந்த மரவரிசை பாதி வானத்தை மறைத்தது. குண்டு ரொம்ப மேலே ஏறின பிறகுதான் திரையில் தெரிந்தது. பின்னோக்கிப் போட்ட கணக்கு எங்கேயோ போய் நின்றது. நம் பீரங்கி அந்தப் புள்ளியை நம்பிச் சுட்டதில் சதுப்பு நிலத்துச் சேறுதான் பறந்தது.

"அண்ணே, மேட்டுக்குப் போயிடலாம்ணே" என்றான் ஒரெஸ்த்.

"அங்க ஆளுங்க இருக்காங்க. இதத் தொறந்தா அவங்க தலையில விழும்."

"போய்ச் சொல்லுவோம்ணே. எறங்கிடுவாங்க."

"எறங்க மாட்டாங்க. வருசத்துல ஒரு நாளு."

"கேட்டுத்தான் பாப்போமே!"

"வாக்குக் குடுத்திருக்கேன் ஒரெஸ்த்."

ஒரெஸ்த் ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தான். லுக்யான் மறுபடி திறந்தான், மறுபடி சேறு. பெண்களைக் காப்பாற்றுகிறோம் என்று அவன் நம்பினான். அதில் பொய்யும் இல்லை. ஆனால் வண்டியில் ஏறினால் ஒரு சிகரெட் தீர்வதற்குள் போய்ச் சேருகிற மேடு அது. இல்கோவின் குரல் இன்னொரு தடவை வந்தது. இந்தத் தடவை வம்பு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. பிறகு எதிரிப் பீரங்கியும் தானாகவே ஓய்ந்தது. இல்கோவும் அவனோடு இருந்த செவெரினும் இறந்துவிட்டதாக அதிகாரி சொன்னார். ஏன் பள்ளத்தில் நின்றாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் லுக்யானுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெயில் ஏறியபோது ராயிசா துணி மூட்டையோடு பள்ளத்துக்கு இறங்கி வந்தாள். ஒரு கோப்பை ஓட்கா குடித்திருந்தாள், முகம் மலர்ந்திருந்தது.

"கிறிஸ்து உயிர்த்தார்!" என்று ஈஸ்டர் காலத்து வணக்கத்தைச் சொன்னாள்.

"மெய்யாவே உயிர்த்தார்" என்று முணுமுணுத்தான் லுக்யான்.

"மனசார உக்காந்து சாப்பிட்டோம் தம்பி. சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட. இந்தா." சிவப்பு முட்டையும் ஒரு துண்டு பாஸ்காவும் அவன் கையில் வைத்தாள். "ஒங்க வூட்டுல செத்தவங்க பேரு இருந்தாச் சொல்லு. சாயங்காலம் எங்காளுங்களோட சேத்து வேண்டிக்கிறோம்."

அவன் முட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இல்கோ. செவெரின்."

"தவறி ரொம்ப நாளாச்சா?"

"இன்னைக்குக் காலையிலக்கா."

ராயிசாவின் முகம் மாறியது. ஆற்றுப் பக்கம் பார்த்தாள். "அந்தச் சத்தமா? தூரத்துல என்னமோன்னு இருந்துட்டோமே." பிறகு அண்டாவைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள். "அங்க இருந்து பாத்திருந்தா, அடிச்சவன் எங்க இருக்கான்னு தெரிஞ்சிருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரெஸ்த் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லுக்யான் தலையாட்டினான்.

"அட பாவி" என்றாள். திட்டுகிற குரலே இல்லை. "அப்ப ஏன்டா வந்து சொல்லல? எந்திரிங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தட்டு, துணி எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியிருப்போமே. என் வீட்டுக்காரர் கோவிச்சுக்கவா போறாரு?"

"ஒங்களுக்கு வாக்குக் குடுத்தேனேக்கா" என்றான் லுக்யான்.

"நான்தானடா வாங்கினேன்! எங்கிட்ட வந்து திருப்பிக் கேட்டிருக்கலாமே."

அவனுக்கு அது தோன்றவே இல்லை. ராயிசா வண்டியின் படியில் உட்கார்ந்து, முன்னே பின்னே பார்த்திராத இரண்டு பேருக்காக அழ ஆரம்பித்தாள்.