சித்திக்கு நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

தேயிலைக் கொழுந்துச் சாறு விரலில் ஏறிவிட்டால் லேசில் போகாது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பாக நின்றுவிடும். கிட்டப் போனால் பச்சை இலையைக் கசக்கிய கைப்பு வாசம் அடிக்கும். மஸ்கெலியாவுக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில், மாலையில் வேலை விட்டு வந்து அடுப்படிச் சூட்டில் உட்கார்ந்து, என் அப்பியாசக் கொப்பியை விரித்து, ஒவ்வொரு எழுத்தாக அந்த விரலால் தொட்டு ராணிச் சித்தி இங்கிலீஷ் படித்த நாட்களை நினைத்தால் அந்த வாசம்தான் முதலில் வருகிறது. அதற்குப் பின்னாலேயே, இந்த வயதிலும், ஒரு பயமும் வந்துவிடுகிறது.

ராணிச் சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. கொழுந்து பறித்தது போதும் என்று ஒரு அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவெடுத்திருந்தாள். கொழும்பில் ஏஜென்சிக்காரர்கள் இன்டர்வியூ வைப்பார்கள், நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினால்தான் நல்ல வீடாகக் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். லயத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஆள் என்று பார்த்தால் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் ஒருத்திதான். எனக்குத் தெரிந்ததோ ஒரு பாடப்புத்தக இங்கிலீஷ். ஆனாலும் தவணைப் பரீட்சையில் நான் வாங்கிய புள்ளிகளை அம்மா, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற ‘பெரட்டு’க்களம் வரைக்கும் பரப்பிவைத்திருந்ததால் பின்வாங்க வழியில்லாமல் போய்விட்டது.

எனக்கு இன்னொரு மாணவரும் இருந்தார். சிவனொளிபாதமலை ஏற வருகிற வெள்ளைக்காரர்களுக்குக் கம்பளித் தொப்பி விற்கும் கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு அவர் ‘நானா’. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க டவுனுக்குப் போகும்போது அவருக்குப் பாடம். முதல் நாளே அவர் கேட்டது, “மகள், இதுக்கு மேல கொறைக்க ஏலாண்டு மரியாதையா எப்பிடிச் சொல்ற?” என்பதுதான். ‘ஐ கேனாட்’ என்று சொல்லிக்கொடுத்தேன். சொன்ன மாத்திரத்தில், கடைக்குள் வராமலே தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் அதைச் சொல்லிப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சித்தி அப்படியில்லை, வாயைத் திறக்குமுன் என் முகத்தைப் பார்ப்பாள், சரியாகச் சொன்ன பிறகும் பார்ப்பாள்.

தோட்டத்தை நடத்தும் துரை கொழுந்து மலைக்கு வந்து எதைக் கேட்டாலும், முடியுமோ முடியாதோ, கேள்வி விளங்கியதோ இல்லையோ, முதலில் “சரிங்க தொரை” என்று சொல்லிவிடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். அதைப் பார்த்தே வளர்ந்த நான் பாடத்தையும் அப்படியே அமைத்தேன். நான் முக்காலியில் மேடமாக உட்காருவேன். சித்தி கைகட்டி நிற்பாள். சமைக்கத் தெரியுமா என்று கேட்டால் ‘யெஸ் மேடம்’. பிள்ளை பார்ப்பாயா, ‘யெஸ் மேடம்’. கொஞ்சம் தயங்கினால் அடுப்புப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வரும்: “முழிச்சுக்கிட்டு நிக்காதடி. மொதல்ல சரின்னு சொல்லு, பொறகு பாத்துக்கலாம்.”

ஒருநாள் சித்தி மெதுவாகக் கேட்டாள். “பாப்பா, வெறும் ‘நோ’ன்னா மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்குமில்ல? முடியாதுங்கன்னு பணிவா எப்பிடிச் சொல்றது?”

“வேலை கேட்டுப் போறவளுக்கு அது என்னத்துக்கு?” என்று அம்மா சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். நானாவுக்கு முதல் நாளே கொடுத்ததைச் சித்திக்குக் கொடுக்காமல், அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

இன்டர்வியூ முடிந்து ஹட்டன் பஸ்ஸில் வந்து இறங்கிய சித்தியின் முகமெல்லாம் சிரிப்பு. “ஒன்னுக்குமே முழிக்கல பாப்பா. பாதி வெளங்கல, ஆனா எல்லாத்துக்கும் யெஸ் மேடம்தான். ஒம்பது வெரலக் காட்டி என்னமோ கேட்டாங்க, யெஸ் சொன்னேன். லீவுன்னு ஒரு பேச்சு வந்துச்சு, அதுக்கும் யெஸ்.” வீட்டில் பாயாசம் வைத்தார்கள். நான் என் பங்கை அப்படியே வைத்துவிட்டேன். ஒன்பது பேர் உள்ள வீடா, லீவே இல்லையா, எதற்குத்தான் தலையாட்டிவிட்டு வந்தாள்? கேட்டால் வருகிற நல்லதையும் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

சித்தி போன முதல் இரண்டு மாதமும் கோல் வந்தது. எங்கள் லயத்தில் அப்போது ஒரே ஒரு கைபேசி. தண்ணீர் பிடிக்கிற ‘பீலி’க்கு மேலே ஏறி நின்றால்தான் அதில் குரல் கேட்கும். “நல்லா இருக்கேன்” என்பாள், வைத்துவிடுவாள். மூன்றாம் மாதம் கோல் இல்லை. நாலாம் மாதமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் வந்தாலே பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவேன். டவுனுக்குப் போனால், வெள்ளைக்காரர்களிடம் சளசளவென்று பேசப் பழகிவிட்ட நானா என்னைக் காட்டி, “என்ட டீச்சர்” என்று பெருமையடிப்பார். எனக்கு அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கும். சித்திக்கு என்னவானாலும் அது என்னால்தான் என்று நம்பினேன். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஆறாம் மாதம் முடிகிற சமயம், ஒரு மத்தியானம் கோல் வந்தது. பீலிக்கு மேல் நின்று அம்மா அழுதாளே தவிரப் பேசவில்லை. நான் கைபேசியைப் பிடுங்கி, எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்காமல் கத்தினேன். “சித்தி, ‘ஐ கேனாட், மேடம்’னு சொல்லுங்க! அதுதான் முடியாதுங்கறது. நான்தான் சொல்லிக் குடுக்கல, நான்தான்...”

சித்தி என்னை முடிக்கவிடவில்லை.

“அத இந்த வீட்டுப் புள்ளைங்ககிட்டயே கத்துக்கிட்டேன் பாப்பா. சொல்லவும் சொன்னேன். சொன்ன அன்னிக்குத்தான் போன புடுங்கி வச்சாங்க.”

இரண்டு வருடம் முடித்துச் சித்தி திரும்பி வந்தாள், மெலிந்து, கையில் ஒரு சூட்டுத் தழும்போடு. தழும்பைப் பற்றி யாரையும் கேட்கவிடவில்லை. மறுபடியும் கொழுந்துக்கே போனாள்.

இப்போது நான் ஹட்டனில் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். வட்டவளையிலிருந்து ஹோட்டல் வேலைக்குப் படிக்கிற பையன்கள் வருகிறார்கள், அவர்கள் நானாவைப் போலப் பயமில்லாமல் உளறி உளறியே பிடித்துக்கொள்கிறார்கள். நர்ஸ் பரீட்சைக்குப் போகிறவர்கள் இலக்கணத்தை விட்டு நகரமாட்டார்கள். வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்குத் தனி வகுப்பு. முதல் நாளே ‘ஐ கேனாட்’ சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். சொல்லிக்கொடுக்கும்போது என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்கிறது.

அதனால் போன மாதம் சித்தியைக் கூப்பிட்டேன், நீங்களே வந்து ஏதாவது சொல்லுங்கள் என்று. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்து பன்னிரண்டு பெண்களின் முன்னால் நின்றாள். தன் கதை எதையும் சொல்லவில்லை.

“போனயும் எடுத்துக்குவாங்க, கொப்பியயும் எடுத்துக்குவாங்க. பக்கத்து வீட்டுல வேலை செஞ்ச வேற நாட்டுப் புள்ளகிட்ட, மதிலுக்கு மேலால, ஒவ்வொரு நம்பரா இங்கிலீஷ்ல சொல்லி, அவ போன்ல அமத்தித்தான் நான் வீட்டுக்குப் பேசுனேன். எங்க, உங்க வீட்டு நம்பரச் சொல்லுங்க பாப்போம். கையில இருக்கறதப் பாக்காம.”

லயத்துக்கே ஒரு கைபேசி இருந்த காலத்தில் அந்த எண் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். இப்போது பன்னிரண்டு பேரிடமும் கைபேசி இருந்தது. ஒருத்திக்கும் வீட்டு எண் வாயில் வரவில்லை. சித்தி ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் என் பக்கம் திரும்பினாள். நான் அம்மாவின் எண்ணை மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். பூச்சியம், ஏழு, ஏழு என்பதற்கு மேல் எனக்கும் வரவில்லை.